அவனுக்கு மணி அடிக்கவில்லை

நெய்தல்:

எங்களுடையது தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். யாராவது இறந்தால் கோயில் மணி அடிப்பார்கள். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே நன்றாக இடைவெளி விட்டு, மெதுவாக. மணி கேட்டதும் அடுப்படியில் இருக்கிற பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டே வாசலுக்கு வந்து "யாரு போனா?" என்று கேட்பார்கள். சாவு ஊருக்குச் சொந்தமாவது அந்த மணியில்தான்.

2013 ஆகஸ்டில் என் தம்பி தற்கொலையால் இறந்தான். வயது 24. அவனுக்கு அந்த மணி அடிக்கவில்லை.

உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது மாலை நாலு மணி. அப்பாவும் சித்தப்பாவும் பங்குத்தந்தையைப் பார்க்கப் போனார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். "தானாப் போனவனுக்குப் பூசை கிடையாதாம். தூம்பாவும் கிடையாதாம்." தூம்பா என்றால் உடலை வைத்து எடுத்துப்போகிற கோயில் பெட்டி. சித்தப்பா சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். அப்பா உட்காரக்கூட இல்லை. கடைசியில் தம்பியோடு கடலுக்குப் போகிற பையன்கள் நாலு பேர் தோளில் தூக்கிப் போனார்கள். கல்லறைத் தோட்டத்தில், ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளைப் புதைக்கிற வேலியோர மூலையில் அடக்கம் செய்தோம். கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் மட்டும் இருட்டிய பிறகு வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம் வராமல் ஜெபம் சொன்னார். அவர் வாய் அசைந்ததை நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து அம்மா கோயிலுக்குள் கால் வைத்ததில்லை. நாலு வருடம் முன்பு அப்பா இறந்தபோது முழு மரியாதை நடந்தது. மணி அடித்தது. அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, "இவருக்கு அடிக்காவளே, இவருக்கு அடிக்காவளே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பூசை முடியும் வரை கோயில் படிக்குக் கீழேயே நின்றாள்.

இப்போது அவளுக்கு 71. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். ஜெபக் குழுவிலிருந்து வருகிறவர்கள், "அக்கா, மன்னிச்சிருங்க, மன்னிக்கலைன்னா உங்க ஜெபம் ஏறாது" என்கிறார்கள். அவர்கள் போன பிறகு அம்மா ஒரு வேளை சாப்பிடமாட்டாள்.

சாவதற்குள் அவளைக் கோயிலோடு சேர்த்து வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எப்படி ஆரம்பிப்பது? இதே போல எதையாவது கடந்து வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பாளை வாசகன்:

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுதவே முடியவில்லை.

நான் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட். எங்கள் பக்கமும் இந்தக் கல்நெஞ்சு இருந்தது. எங்களுக்கு மூலமான ஆங்கிலிக்கன் சபையின் 1662 ஜெபப் புத்தகத்தில் அடக்க ஆராதனைக்கு முன்னால் ஒரு குறிப்பு உண்டு: ஞானஸ்நானம் பெறாதவர்களுக்கும், சபையிலிருந்து விலக்கப்பட்டவர்களுக்கும், தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவர்களுக்கும் இந்த ஆராதனை கிடையாது. அந்தத் தடையை எடுக்க இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவை வாக்களித்தது 2015-இல்தான். பல குருமார்கள் அதற்கு வெகுகாலம் முன்பே அதைக் கண்டுகொள்ளாமல் அடக்கம் செய்துவந்தார்கள் என்பது வேறு விஷயம்.

வேதத்தில் இதற்கு ஆதாரம் தேடினால் கிடைக்காது. சிம்சோன் தானும் சேர்ந்து சாகும்படி தூண்களைச் சாய்த்தான். அவன் சகோதரர்கள் வந்து உடலை எடுத்துப்போய்த் தகப்பன் கல்லறையிலேயே அடக்கம் செய்தார்கள் என்று இருக்கிறது. எபிரெயர் 11-இல் விசுவாச வீரர்கள் பட்டியலில் அவன் பெயரும் வருகிறது.

எலியாவைப் பாருங்கள். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறான். கடவுள் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கிறது. தின்றுவிட்டு மறுபடி தூங்குகிறான். தூதன் இரண்டாம் தரமும் வந்து எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். அடுத்த வேலையைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்தான். சாக நினைத்தவனிடம் கடவுள் இப்படி நடந்துகொண்டார் என்றால், உங்கள் அம்மாவிடம் எப்படி நடந்துகொள்வார்?

ஓய்வு குரு:

மகளே, நான் கத்தோலிக்கக் குரு. 40 வருடத்துக்கு மேல் பணியில் இருந்து இப்போது ஓய்வில் இருக்கிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1917-இல் வந்த பழைய திருச்சபைச் சட்டத் தொகுப்பில், 1240-ஆம் எண், வேண்டுமென்றே திட்டமிட்டுத் தன்னைக் கொன்றவர்களுக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது என்றது. அதிலும் சந்தேகம் இருந்தால் ஆயரைக் கேள், சந்தேகம் தீரவில்லை என்றால் அடக்கம் செய்துவிடு என்றுதான் இருந்தது. 1983-இல் வந்த புதிய தொகுப்பில் 1184-ஆம் எண் யார் யாருக்கு அடக்கச் சடங்கு மறுக்கலாம் என்று சொல்கிறது. அதில் தற்கொலை என்ற பேச்சே இல்லை. எடுத்துவிட்டார்கள். 1992-இல் வந்த மறைக்கல்வி நூலின் 2282, 2283 எண்களைப் படியுங்கள். கடுமையான மனக்குழப்பமும் வேதனையும் பயமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைத்துவிடும் என்றும், தன்னுயிரைப் போக்கிக்கொண்டவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது, திருச்சபை அவர்களுக்காக ஜெபிக்கிறது என்றும் சொல்கிறது.

அதாவது உங்கள் தம்பிக்குத் தூம்பா மறுக்கப்பட்டபோது, அப்படி மறுக்கச் சொல்கிற சட்டம் போய் 30 வருடம் ஆகியிருந்தது.

இப்போது என்னைப் பற்றி. 1986-இல், ஒரு மலையடிவாரப் பங்கில், ஒரு தகப்பன் இதே கேள்வியோடு என் வாசலில் நின்றார். அவருடைய மகள். புதிய சட்டப் புத்தகம் என் மேசைமேல் இருந்தது. நான் குருமடத்தில் பழையதைப் படித்தவன், ஊர்ப் பெரியவர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம் வேறு. "முடியாது" என்றேன். அவர் வாதாடவில்லை. கையில் இருந்த துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். அந்த முதுகு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பல வருடம் கழித்து அவரைத் தேடிப் போனேன். இறந்துவிட்டிருந்தார்.

2000 மார்ச் 12-ஆம் தேதி ரோமில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் திருச்சபையின் பிள்ளைகள் செய்த பாவங்களுக்காகக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டார். நான் கண்ணீரோடு அதைப் படித்தேன். ஆனால் அந்தத் தகப்பனின் வாசலில் நின்று கேட்க வேண்டிய மன்னிப்பை ரோமில் யாரும் எனக்காகக் கேட்க முடியாது.

உங்கள் அம்மாவை மன்னிக்கச் சொல்லி யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். எங்களில் ஒருவர் போய், செய்தது தவறு என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அவரிடம் எதையும் கேட்க நமக்கு உரிமை இல்லை.

சத்திய சாட்சி:

யாரையும் புண்படுத்த எழுதவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். உயிர் கடவுள் கொடுத்தது. அதை எடுப்பது பாவம் என்று சபை சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்? எல்லாருக்கும் ஒரே மாதிரி மணி, ஒரே மாதிரி பூசை என்றால், விளிம்பில் நிற்கிற ஒரு பையனுக்கு அது தப்பான செய்தியாகப் போய்விடாதா? அந்தப் பயம்தான் பழைய ஆட்களை அப்படி நடக்க வைத்தது. அவர்கள் எல்லாரும் கொடியவர்கள் அல்ல.

மனநலச் செவிலி:

சத்திய சாட்சி அண்ணா, கொடியவர்கள் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயம் என்ன செய்கிறது என்பதை நான் தினமும் வார்டில் பார்க்கிறேன்.

விளிம்பில் நிற்கிற பையன் "எனக்கு மணி அடிக்கமாட்டார்கள்" என்று யோசித்து நின்றுவிடுவதில்லை. அந்த நேரத்தில் அவனுக்கு அவ்வளவு தூரம் பார்வை எட்டாது. ஆனால் அதற்கு மாதக்கணக்கு முன்னால், யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லலாமா என்று அவன் யோசிக்கிற ஒரு காலம் இருக்கும். அப்போது அவன் காதில் விழுவது முன்பு இறந்துபோனவனைப் பற்றி ஊர் பேசுகிற பேச்சு. "பாவி", "நரகம்", "குடும்பத்துக்கே களங்கம்." கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வான். இப்படி வாயை மூடிக்கொண்டவர்களைத்தான் எங்களிடம் கடைசி நேரத்தில் தூக்கி வருகிறார்கள்.

நாட்டுச் சட்டமே இப்போது வேறு மாதிரி பார்க்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் முதலில் கருத வேண்டும் என்கிறது. தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுக்க வேண்டியது அரசின் கடமை என்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். 2013-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஒரு பேட்டியில், போர் முடிந்த களத்தில் இருக்கிற மருத்துவமனை போலத் திருச்சபை இருக்க வேண்டும் என்றார். பலத்த அடிபட்டு வந்தவனிடம் கொழுப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று கேட்பது வீண், முதலில் காயத்தைப் பார் என்றார். நான் செவிலி, எனக்கு அது உடனே புரிந்தது. நெய்தல் அக்காவின் தம்பி இறந்ததும் அதே வருடம்தான்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது மனசு பாரமாக இருந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலிமானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், கட்டணம் இல்லை, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

சுவருக்கு அப்பால்:

நான் இப்போது எந்தக் கோயிலுக்கும் போவதில்லை. அதனால் என் பேச்சுக்கு எடை குறைவு என்று நினைத்தால் பரவாயில்லை.

எங்கள் தெருவுக்குத் தூம்பா வந்ததே இல்லை. தற்கொலை செய்தவனுக்கு மட்டும் என்று இல்லை, யாருக்குமே. எங்களுக்குக் கல்லறைத் தோட்டமே தனி, நடுவில் சுவர். என் தாத்தா 50 வருடம் அந்தக் கோயிலில் திருவிழாவுக்குக் கொட்டு அடித்தவர். அவர் உடல் பின்பாதை வழியாகத்தான் போனது. அன்றைக்கு எனக்கு 13 வயது. "ஏன் இப்படி?" என்று கேட்டதற்கு அப்பா பதிலே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை நான் உள்ளேயே இருந்திருப்பேனோ என்னவோ.

இது இன்று நேற்று வந்ததும் இல்லை. வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் சாதிக்கு ஒரு பக்கம் என்று இரண்டு கால் போல விரிகிற கோயிலைக் கட்டி, நடுவில் சுவர் வைத்தார்கள். 1910-இல் கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்பை இடித்தார். அதை எதிர்த்து வழக்குப் போட்டு உயர் நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். அந்தப் பாதிரியாரை நான் மதிக்கிறேன். இடித்துவிட்டுத்தான் அன்பைப் பற்றிப் பேசினார். இன்னொரு பக்கம், 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவன் ஆனவன் பட்டியல் சாதிக் கணக்கில் வரமாட்டான். அரசாங்கத் தாளில் எங்களுக்குச் சாதி இல்லை. கல்லறையில் மட்டும் உண்டு.

நெய்தல், உங்கள் கேள்வியில் ஒரு வார்த்தை எனக்கு இடிக்கிறது. "கோயிலோடு சேர்த்து வைக்க." அம்மா ஏன் சேர வேண்டும்? படிக்குக் கீழே நிற்கிறாரே, அந்த இடத்தில் அவர் ஒரு காரணத்தோடு நிற்கிறார். மகன் நுழைய முடியாத இடத்தில் நானும் நுழையமாட்டேன் என்று நிற்கிறார். அதைக் கோபம் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அது விசுவாசமாகத்தான் தெரிகிறது.

நெய்தல்:

சுவருக்கு அப்பால் அண்ணன், உங்கள் கடைசி வரியை வெளியே வந்து நின்று இரண்டு தடவை படித்தேன். பதினோரு வருடமாக நான் அம்மாவை அப்படிப் பார்க்கவே இல்லை. சரிசெய்ய வேண்டிய ஆளாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அம்மா கோயிலுக்குப் போவதில்லையே தவிர, ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த மூலைக்குப் போவாள். நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று ஊரெல்லாம் வெள்ளையடித்து, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருப்பார்கள். குருவானவர் ஒவ்வொரு வரிசையாக மந்திரித்துக்கொண்டே வருவார். வேலியோர மூலைக்கு வரமாட்டார். அம்மா அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்திருப்பாள்.

இரண்டாவது மகள்:

இங்கே நான் வழக்கமாகப் படிப்பேன், எழுதமாட்டேன்.

எங்கள் ஊரிலும் அப்படி ஒரு மூலை இருக்கிறது. என் முதல் குழந்தை அங்கே இருக்கிறாள். பிறந்து மூச்சே விடவில்லை. 1998. ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்ற நேரம் இல்லை. அவளுக்குப் பெயர் வைத்திருந்தோம், ஆனால் எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. 2007-இல் ரோமில் இறையியல் குழு ஒன்று, ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்ப இடம் இருக்கிறது என அறிக்கை வெளியிட்டது என்று ஒரு கன்னியாஸ்திரி எனக்குச் சொன்னார். நல்லது. நான் ஒன்பது வருடம் அதற்கு முன்பே நம்பிவிட்டேன். வேறு வழி இல்லையே.

அக்கா, உங்கள் அம்மா அந்த மூலையில் உட்காருகிறார் என்று படித்தபோது, என் பிள்ளைக்குப் பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

பாளை வாசகன்:

சுவருக்கு அப்பால் எழுதியதைப் படித்ததிலிருந்து யோவான் 9-ஆம் அதிகாரம் என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பிறவிக் குருடன் கதை என்றால் எல்லாரும் கண் திறந்ததைப் பற்றித்தான் பிரசங்கிப்பார்கள். அதோடு கதை முடியவில்லை. பெரியவர்கள் அவனை விசாரிக்கிறார்கள். பெற்றவர்களே பயந்து "அவனையே கேளுங்கள்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். "முழுதும் பாவத்தில் பிறந்த நீ எங்களுக்குப் போதிக்கிறாயோ" என்று அவனை வெளியே தள்ளுகிறார்கள். அடுத்த வசனம் 35: அவனை அவர்கள் புறம்பே தள்ளிவிட்டதை இயேசு கேள்விப்பட்டு, அவனைக் காண்கிறார்.

கேள்விப்படுகிறார். வந்து பார்க்கிறார். எவ்வளவு படித்துப் பார்த்தாலும், "சரி, திரும்ப உள்ளே போய் அவர்களோடு சமாதானம் ஆகு" என்று அவனிடம் சொன்னதாக இல்லை. வெளியே நின்றவனோடு வெளியிலேயே பேசுகிறார். அவன் அங்கேயே பணிந்துகொள்கிறான். நாம் மட்டும் ஏன் காயப்பட்டவரைக் கண்டதும் கையைப் பிடித்து அடிபட்ட வாசலுக்கே இழுக்கிறோம்? ஆட்கள் எண்ணிக்கை குறைகிறதே என்ற கவலையா, அவர்மேல் உள்ள பரிவா? இதை எனக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். என் சபையில் மூன்று வருடமாக வராத ஒரு குடும்பத்தை நான் "விசாரிக்க" போனது பிரதிஷ்டைப் பண்டிகை நன்கொடை ரசீதோடுதான்.

சத்திய சாட்சி:

என் கேள்விக்கு எனக்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை. ஆனால் அந்த அம்மாவின் முன்னால் அதை நான் கேட்கமாட்டேன். முதலில் எழுதியபோது அவர் என் மனதில் இல்லை, கொள்கைதான் இருந்தது. அதற்காக வருந்துகிறேன். அவருக்காக ஜெபிக்கிறேன், தம்பிக்காகவும்.

ஓய்வு குரு:

மகளே, தனிமடல் அனுப்பியிருக்கிறேன். அம்மாவிடம் கேட்டு, அவர் சரி என்றால் மட்டும் பதில் போடுங்கள்.

நெய்தல்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஃபாதர் வந்தார்.

"ஒரு வயசான சாமி உன்னைப் பார்க்க வரணும்னு கேக்காரு" என்று சொன்னபோது அம்மா நெடுநேரம் பேசவில்லை. அப்புறம், "மன்னிக்கச் சொல்வாரோ?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப வரட்டும்."

பஸ்ஸில் வந்து இறங்கினார். சாதாரண வெள்ளைச் சட்டை, கையில் ஒரு துணிப்பை. நாற்காலி போட்டேன், அம்மாவின் நார்க்கட்டில் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். உட்கார்ந்ததும், "உங்க மகனுக்கு நாங்க செஞ்சது தப்பு. நானும் ஒரு வீட்டுக்கு இதே தப்பைச் செஞ்சவன்" என்றார். அம்மா அவரைப் பார்க்கவே இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் மேலே எதுவும் பேசவில்லை. எனக்குத்தான் நிலைகொள்ளவில்லை, தேநீர் போட உள்ளே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது, "தம்பி எப்படி இருப்பான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பதினோரு வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை. எப்படிச் செத்தான், ஏன் செத்தான் என்று கேட்டவர்கள் உண்டு. அம்மா பேச ஆரம்பித்தாள். எட்டு வயதில் அவன் பீடப் பணியாளனாக இருந்தபோது தூபக் கலசத்தைக் கீழே போட்டு விரிப்பைப் பொசுக்கியது. வலையில் சிக்கு எடுக்க அவனை விட்டால் ஆள் இல்லை என்பது. சம்பளம் வந்ததும் முதலில் அவளுக்குப் பன் வாங்கி வருவது. கடைசி ஆறு மாதம் ராத்திரியில் தூங்காமல் முற்றத்தில் நடந்தது. "நான் கேட்டேன் சாமி, என்னடான்னு கேட்டேன், ஒண்ணுமில்லம்மான்னான்." இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது.

நடுவில் ஃபாதர், இப்போது இருக்கிற பங்குத்தந்தையிடம் பேசி மணி அடிக்க ஏற்பாடு செய்யட்டுமா என்று கேட்டார். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். "இப்ப அடிச்சா ஊரு 'யாரு போனா'ன்னு கேக்கும். அவன் இப்பவா போனான்? அவன் அன்னைக்கே போயிட்டான்." அதற்கு ஃபாதர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "ஆமாம்மா, அதைத் திருப்பித் தர முடியாது" என்றார்.

வெயில் தாழ்ந்த பிறகு மூன்று பேரும் அந்த மூலைக்குப் போனோம். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஃபாதர் பையிலிருந்து ஸ்டோலாவை எடுத்துக் கழுத்தில் போட்டு, அடக்கச் சடங்கின் ஜெபங்களை முழுவதும் சொன்னார். தம்பியின் பெயரைச் சத்தமாகச் சொன்னார். தீர்த்தம் தெளித்து முடித்துவிட்டுப் பாட்டிலை மூடப் போனபோது அம்மா கையை நீட்டித் தடுத்தாள். "இந்தப் பிள்ளைகளுக்கும் தெளிங்க சாமி."

அவர் வேலி ஓரமாக மறுபடி முதலிலிருந்து நடந்தார்.

அம்மா அதற்கு அப்புறமும் கோயிலுக்குப் போகவில்லை. நானும் கேட்கவில்லை. ஃபாதர் அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது மகள்:

அக்கா, அந்த மூலையில் எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள்?

நெய்தல்:

கல் எதுவும் இல்லை, அதனால் எனக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்டேன். அவள் கணக்கு வைத்திருக்கிறாள். ஒன்பது பேர். நாலு பேருக்கு அம்மாமார் யார் என்று தெரியும், அதில் இரண்டு பேர் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்கிறாள்.